பத்மினியும் ராத்திரி அலறும் ஜிபிஎஸ்ஸும்

பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கியிருக்கும் கடலூர் நண்பர், "வண்டி திருடு போகாமல் இருக்க ஜிபிஎஸ் போட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டிருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டில் ஷெட் கிடையாது, வண்டி தெருவில்தான் நிற்கும். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வருகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது எண்பதுகளின் பிரீமியர் பத்மினி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஜிபிஎஸ் டிராக்கர், பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச், ஸ்டீயரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டும் கம்பி ஆகிய மூன்றும் சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. கம்பியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணில் படும், அதுதான் அதன் வேலை. கடல் காற்றில் பூட்டுத் துவாரம் துருப்பிடிக்கும், எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

டிராக்கருக்கு வருகிறேன். தகரக் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் நேராக வராது. சுவரிலும் தகரத்திலும் பட்டுத் தெறித்து வருவதை வைத்து அது கணக்குப் போடுகிறது. அதுவும் கிடைக்காவிட்டால் செல்போன் டவரைப் பார்த்து ஊகிக்கிறது. விளைவு, நடுராத்திரியில் 'உங்கள் வாகனம் நகர்கிறது' என்று போன் அலறும். பதறி எழுந்து மேப்பைத் திறந்தால், வண்டி தெருமுனை வரை போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். ஒருநாள் வைத்திக்குப்பத்தைத் தாண்டிக் கடலுக்குள்ளேயே நின்றது. வாசலுக்கு வந்து பார்த்தால் பத்மினி போட்ட இடத்தில் இருக்கிறது, பானெட் மேல் பூனை தூங்குகிறது. அந்தப் பூனை குதித்தாலும் அதிர்வு எச்சரிக்கை வரும். மாசி மகத்தன்று மேளமும் வெடியுமாகச் சாமி ஊர்வலம் போனபோது போனை அணைத்தே வைத்துவிட்டேன்.

சரி, உண்மையிலேயே தேவைப்பட்டபோது? 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.யைத் தாண்டி மழை கொட்டியது. நான் வெளியூரில் மாட்டிக்கொண்டு, வண்டி தண்ணீரில் நிற்கிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் தவித்தேன். மகராசன் டிராக்கர் 'ஆஃப்லைன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது. நெட்வொர்க் இல்லாமல் அது மட்டும் என்ன செய்யும் என்று நியாயம் பேசலாம். அன்றைக்கு நியாயம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

மாட்டிய கதையையும் சொல்ல வேண்டும். பொருத்த வந்த பையன் கெட்டிக்காரன், ஆனால் பிறந்ததிலிருந்தே ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளை மட்டும் பார்த்தவன், அவற்றில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடும். இன்ஜினைத் தூரத்திலிருந்து அணைக்கும் ரிலேயை ஃப்யூவல் பம்ப் ஒயரில் கொடுக்க வேண்டும் என்று சீட்டுக்கு அடியிலும் டேங்க் பக்கமும் தேடினான். பத்மினியில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து இயங்கும் மெக்கானிக்கல் பம்ப், அதற்கு ஒயரே இல்லை. கடைசியில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரை வெட்டி ரிலேயை நடுவில் கொடுத்தோம். அந்த ரிலேயின் முனைகளில் உப்புக் காற்றால் பச்சை பூத்து, வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. கார்புரேட்டர்தான் என்று மெக்கானிக் அதைக் கழற்றிக் கழுவி மாட்டினார், பில்லும் போட்டார். குற்றவாளி இந்த ரிலே.

இவ்வளவுக்கும் மேலே, சில நூறு ரூபாய் கட் ஆஃப் சுவிட்ச் இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. பேட்டரி நெகட்டிவ் முனையில் பித்தளைத் துண்டு, அதில் பச்சைக் குமிழ். திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் ஹாரன்கூட அடிக்காது. முனையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும். ஒரு எச்சரிக்கை: டிராக்கரின் கறுப்பு ஒயரை பாடியில் எர்த் கொடுத்தால், குமிழைக் கழற்றியதும் அதற்கும் கரண்ட் போய்விடும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். இரண்டு ஒயரையும் ஃபியூஸோடு நேராக பேட்டரி முனைகளிலிருந்தே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் வாரக்கணக்கில் ஓடாத வண்டியின் பேட்டரியை அது நக்கி நக்கிக் காலி செய்யும். 40 மில்லிஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர்-மணி போய்விடும். பத்மினிக்குப் போடும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தனி பேட்டரியோடு வருகிற திருடனைக் குமிழ் தடுக்காது. ஊருக்குப் போகும்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பைத் தள்ளி, உள்ளே ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரைப் பிடுங்கிக் கையோடு எடுத்துப் போகிறேன். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. நண்பரின் அம்பாசிடர் பெட்ரோல் என்றால் அவருக்கும் இதுவே. டீசல் என்றால் காயிலும் இல்லை ரோட்டரும் இல்லை, டீசல் லைனில் மறைவாகத் திருகி மூடும் ஒரு டேப் வைப்பதுதான் வழி.

திருடன் முழு வண்டியைத்தான் தேடி வருவான் என்றும் இல்லை. என்னிடம் போனது ஒரு வீல் கேப்பும், முன் எம்பளமும். கதவு முக்கோணக் கண்ணாடியின் கொக்கி தளர்ந்திருந்தால் உள்ளே கைவிடுவது சுலபம், அதை முதலில் மாற்றுங்கள். கண்ணாடிகளில் வண்டி எண்ணைப் பொறித்துவிடுங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை ஆர்.சி. நகலோடு வீட்டில் வையுங்கள், எஃப்ஐஆர் போடும்போது அலைய வேண்டாம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி எடுக்கும்போது இவ்வளவு பழைய வண்டியின் மதிப்பைக் கம்பெனியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், பழைய இரும்பு விலைக்குத் தலையாட்டாதீர்கள்.

அப்புறம், டிராக்கர் எனக்கு ஒரே ஒருமுறை சந்தோஷம் கொடுத்தது. வண்டி டிங்கரிங் பட்டறையில் கிடந்தது. எப்போது கேட்டாலும் "பெயின்ட் காயுது சார்" என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. வழக்கம்போலத் திட்டிக்கொண்டே பார்த்தால், பெயின்ட் காயும் வண்டி காலாப்பட்டு தாண்டி ஈசிஆரில் மணிக்கு 60-ல் போகிறது. பட்டறைக்குப் போன் போட்டேன். "காயுது சார்." "காத்துல நல்லாவே காயட்டும், கனகசெட்டிக்குளத்துல டீ குடிச்சிட்டுத் திரும்பச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் காலையில் வண்டி வீட்டு வாசலில் நின்றது.

அந்த ஒரு போன் காலுக்காக டிராக்கர் சந்தாவை நேற்று புதுப்பித்துவிட்டேன். நண்பரும் வாங்கலாம், ஆனால் குமிழையும் ரோட்டரையும் நம்பிவிட்டு வாங்கட்டும். மின் இணைப்பு அறுந்தால் மட்டும் அலறு, மற்றதற்கு வாயை மூடு என்று ஆப்பில் அமைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். போன வாரம் ஆப் அப்டேட் ஆனது, எல்லா எச்சரிக்கையும் பழையபடி ஆன் ஆகிவிட்டது.