பழைய பொருளை விற்கும்போது ரொக்கமா, யுபிஐயா?

திருச்சியில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, ஏழு ஆண்டுகள் பயன்படுத்திய வாஷிங் மெஷினையும் இரண்டு மரக் கட்டில்களையும் இணையத்தில் விளம்பரம் செய்து விற்றேன். கட்டில்களுக்கு யுபிஐ மூலமும் வாஷிங் மெஷினுக்கு ரொக்கமாகவும் பணம் வாங்கினேன். இரண்டையும் செய்து பார்த்தபின், முன்பின் தெரியாதவருக்கு வீட்டுப் பொருளை விற்பவர் ரொக்கமாக வாங்குவதே நல்லது என்று கருதுகிறேன்.

யுபிஐயில் சில்லறைத் தொல்லை இல்லை, கணக்கும் பதிவாகிவிடும்; அதை விளக்க வேண்டியதில்லை. பணம் வந்துவிட்டது என்பதை எதை வைத்து நம்புகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

விளம்பரம் போட்ட அரை மணி நேரத்தில் ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகித் திருச்சிக்கு வருவதாகவும் சொல்லி, அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் சொன்ன 6,500 ரூபாய்க்குப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். மெஷின் ஓடுகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார், அது உண்மையாகவே வந்து சேர்ந்தது. அடுத்து, பணம் பெற இதை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பினார். ஸ்கேன் செய்ததும் 6,500 என்ற தொகை தானாக நிரம்பி, அடுத்த திரை யுபிஐ பின் (PIN) எண்ணைக் கேட்டது. அங்கே நிறுத்திக்கொண்டேன். 2016-இல் யுபிஐ வந்த நாளிலிருந்து பணம் பெற PIN எண் தேவைப்பட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் அந்த ஒரு ரூபாய் என் எச்சரிக்கையைத் தளர்த்தியிருந்தது. தனிநபர்களிடையே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபரில் நிறுத்தியதால் ஏமாற்றுவோருக்கு ஒரு வழி அடைபட்டது. க்யூஆர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

நேரில் வருபவரிடம் யுபிஐயில் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது என்பது உண்மைதான். ஆனால் கட்டில் வாங்க வந்தவர் பச்சை டிக் தெரியும் திரையைக் காட்டியபோது என் தொலைபேசிக்கு எந்தக் குறுஞ்செய்தியும் வரவில்லை. கட்டில்கள் லோடு ஆட்டோவில் ஏறிவிட்டன, ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வங்கிச் செயலியைத் திறந்து, இருப்புத் தொகை கூடும்வரை நான்கு நிமிடங்கள் அவர்களைக் காக்கவைத்தேன். அவர் நேர்மையானவர், பணம் வந்தது. ஆயினும் அதே டிக்கைக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன, வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியையும் பத்து இலக்க எண்ணிலிருந்து எவரும் அனுப்பலாம். எதிரே நிற்பவரை முகம் கோணாமல் காக்கவைக்க முடிந்தவர்கள் யுபிஐயைத் தாராளமாக ஏற்கலாம். எனக்கு அது கடினமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. வாங்குபவர் அனுப்பும் பணம் வேறொரு மோசடியில் வந்ததாக இருந்தால், சைபர் குற்றப் புகாரின் பேரில் நம் கணக்கிலுள்ள அந்தத் தொகை முடக்கப்படலாம். இது எனக்கு நேரவில்லை. உறவினர் ஒருவர் பழைய கேமராவை விற்று, அந்தப் பணத்துக்காக வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் பல வாரங்கள் அலைந்தார்.

ரொக்கத்தில் கள்ளநோட்டு அச்சம் உண்டு. 500 ரூபாய்த் தாளைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். பகல் வெளிச்சத்தில் 13 தாள்களை இப்படிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. கார் போன்றவற்றை நான் விற்றதில்லை என்பதால் அங்கே என் அனுபவம் உதவாது.

வாஷிங் மெஷினை வாங்கியவர்கள் லால்குடியிலிருந்து வந்த தம்பதியர். தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்து, வடிகுழாயை மாற்ற வேண்டும் என்று சொல்லி 500 ரூபாய் குறைத்தார்கள். மெஷினின் மூடியின்மேல் பன்னிரண்டு தாள்களை எண்ணி வைத்த பிறகே அதை வெளியே தூக்கினோம்.