பேசாமல் விடுவதா, பேசிவிடுவதா?

பினாங்கில் வளர்ந்த என் பாட்டிக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை பாலுறவு பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. “போகப் போகத் தெரியும்” என்றார்களாம். அந்த மௌனத்தில் ஒரு வசதி உண்டு: வீட்டில் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் பயத்தைப் பாட்டி தனியாகச் சுமந்தார்.

இன்னொரு வழி, பேசிவிடுவது. இது நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் 1948-இல் கின்சி என்ற உயிரியல் அறிஞரின் ஆய்வு ஆண்களின் பாலுறவு வாழ்க்கையை வெளிப்படையாகப் பேசியது; 1953-இல் பெண்களைப் பற்றியும். 1960-இல் அங்கே கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மலேசியாவிலும் 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அரசாங்கம் பேசிய விஷயத்தை நம் வீடுகள்தான் பேசத் தயங்கின.

சரி, பேசுவது சுலபமா? இல்லை. மகள் மாதவிடாய் பற்றிக் கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கூச்சமில்லாத தமிழ்ச் சொல் உடனே வரவில்லை. அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து, உடம்பு எப்படி மாறுகிறது என்று மெதுவாகச் சொன்னேன். “யார் தொட்டாலும் உனக்குப் பிடிக்கலைன்னா அம்மாகிட்ட சொல்லும்மா” என்பதையும் சேர்த்தேன். இதை மௌனம் ஒருநாளும் சொல்லித்தராது. எனவே என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். கணவருக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. இருந்தாலும் மகனிடம் அவரும் பேச ஆரம்பித்திருக்கிறார்.