ஒரு சாய்கோட்டோடு மூன்று வருடம்

சென்ற மாத இடியில் செங்கோட்டை வீட்டிலிருந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி கருகிப்போனது. புதிதாக ஒன்று வாங்கி, வீட்டுக் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகமான வால்ட்வார்டனை ஏற்றி, காப்புப் பிரதியிலிருந்து தரவுகளைத் திருப்பி வைக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னப் பெட்டியில் சத்தமில்லாமல் ஓடுகிறதே என்று இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

அதற்குப் பிறகு நள்ளிரவு வரை 404, ‘பக்கம் இல்லை’ என்ற பிழைதான்.

எங்கள் வீட்டு டொமைனில் புகைப்படங்களுக்கு ஒரு பாதை, கடவுச்சொற்களுக்கு ‘/பெட்டி/’ என்று இன்னொரு பாதை. வால்ட்வார்டனின் டொமைன் அமைப்பில் பாதையோடு முழு முகவரியையும் எழுதியாகிவிட்டது. அப்படி எழுதினால், பாதையோடு வரும் கோரிக்கைக்குத்தான் வால்ட்வார்டன் கதவைத் திறக்கும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி அதனிடம் கடத்துவது என்ஜின்எக்ஸ். எங்கே கடத்துவது என்று சொல்லும் அதன் ப்ராக்ஸி பாஸ் வரியின் கடைசியில் நானோ ஒரு சாய்கோட்டை (/) போட்டிருந்தேன். அது இருந்தால் என்ஜின்எக்ஸ் ‘/பெட்டி/’யை நறுக்கிவிட்டு மீதியை மட்டும் உள்ளே அனுப்பும். மூன்று வருடத்துக்கு முன்பும் இதே கோட்டில்தான் இடறினேன். அப்போதே குறித்து வைத்தேன், அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே!

பன்னிரண்டு மணிக்குத்தான் போன் ஞாபகம் வந்தது. சர்வர் செத்துக் கிடந்தாலும், கடைசியாக ஒத்திசைத்த பிரதி போனிலுள்ள கடவுச்சொல் செயலியில் இருக்கும்; பூட்டைத் திறப்பது போனுக்குள்ளேயே நடக்கும் வேலை. ஆரியங்காவு மலைப்பாதையில் சிக்னல் அறுந்த ரயிலில் இதை எத்தனையோ முறை அனுபவித்திருக்கிறேன். புதிதாக எதையும் சேர்க்க முடியாதே தவிர, இருப்பதைப் படிக்கலாம். குறிப்பைத் திறந்தேன். “கடைசியில் சாய்கோடு போடாதே, முட்டாளே” என்று நானே எனக்கு எழுதியிருந்தேன்.

புனலூரில் இருக்கும் அக்கா வேறு. போன் மாற்றும்போதெல்லாம், “தம்பி, உள்ளே விடமாட்டேன் என்கிறதே” என்று அழைப்பு வரும். சர்வர் முகவரியில் டொமைனை மட்டும் அடித்திருப்பாள், பாதையை விட்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுப் பெயர் நினைவிருக்கிறவர்களுக்கு அறை எண் நினைவிருப்பதில்லை.

தானாக நிரப்புவதிலும் தொல்லை. செயலி இயல்பாக டொமைனை மட்டும் பார்ப்பதால், புகைப்படப் பக்கத்தில் பெட்டகத்தின் உள்நுழைவையும் சேர்த்து நீட்டுகிறது. ஒவ்வொன்றையும், பாதையையும் சேர்த்துப் பார்க்கும் ‘இதில் தொடங்கும்’ என்ற பொருத்தத்துக்கு நானே உட்கார்ந்து மாற்றினேன். அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. ஒரே டொமைனில் பல பாதைகள் இருந்தாலும் உலாவிக்கு எல்லாம் ஒரே வீடுதான். புகைப்பட மென்பொருளில் ஓட்டை விழுந்தால், பக்கத்து அறையிலிருக்கும் பெட்டகத்துக்கும் அது ஆபத்து.

எனவே பெட்டகத்தை எங்கே வைப்பது என்று தென்மலை நண்பர் கேட்டபோது, யோசிக்காமல், உலாவிக்குத் தனி வீடாகத் தெரியும் சப்டொமைனில் வைக்கச் சொன்னேன். “அப்படியென்றால் நீங்கள்?” என்றார். நான் மாற்றப்போவதில்லை. அக்காவுக்கு இந்தப் பாதை இப்போதுதான் பாதி மனப்பாடமாகியிருக்கிறது.