“வயித்தை வெட்டினா வாய் அடங்கிடும்” என்பவரிடம் முற்பணம் கட்டாதீர்கள்

கல்முனைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் ஒரு பெண் இரண்டரை வருடத்துக்கு முன்னர் உடல் நிறை குறைக்கும் ஒப்பரேசன் செய்துகொண்டார். சீட்டுக்காசும் அடகு வைத்த காப்பும் அதற்குப் போயின. மண்டபத்தில் நடந்த ‘இலவச ஆலோசனை’யில் முகவர் சொன்னது இதுதான்: “தங்கச்சி, வயித்தைச் சின்னனாக்கினா மறுகா கொத்தைக் கண்டாலும் மனம் போகாது.” 84 கிலோவாக இருந்தவர் பத்து மாதத்தில் 65க்கு வந்தார். இப்போது 79. கால் விரல்கள் விறைக்கின்றன, முடி கொட்டுகிறது. கையில் டயக்னோசிஸ் காட் இல்லை. இருப்பது ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் எழுதிய ஒரு பற்றுச்சீட்டும், லேபல் ஒட்டாத பொலித்தீன் பையில் கட்டித் தந்த ஒரு மாத விற்றமின் குளிசையின் வெறும் அட்டையும்தான்.

அவர் செய்துகொண்டது ஸ்லீவ். இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை நீளவாட்டில் ஸ்டேப்பிள் அடித்து, நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் அளவில் ஒரு குழாய். தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிலீற்றர்தான் பிடிக்கும். வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. சீராகச் செய்தால் இது நல்ல ஒப்பரேசன், அதில் சந்தேகமில்லை. சீனி வருத்தம், பிரஷர், தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ள பலருக்கு வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. அந்தப் பெண்ணின் நிறையும் தகுதிக்கு வெளியே இருக்கவில்லை. உயரம் 158 சென்ரிமீற்றர்; 84ஐ 1.58 ஆல் இரண்டு தரம் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு, 33.6. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டல் ஆசியருக்கு 27.5இலிருந்தே ஒப்பரேசனைப் பற்றிக் கதைக்கலாம் என்கிறது. அவரை ஏமாற்றியது கணக்கு அல்ல, காரணம். ஆசையை அடக்கும் மருந்தாக ஒரு ஒப்பரேசனை விற்றார்கள்.

இந்தப் பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் எடுபடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் போவதும் அந்தப் பகுதிதான். சாப்பாடு குடலுக்கு வேகமாக இறங்குவதால் ஜிஎல்பி-1 போன்ற ‘போதும்’ என்று சொல்லும் ஹோர்மோன்கள் கூடுகின்றன. முதல் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம், எண்ணெய்ச் சாப்பாடும் இனிப்பும் உண்மையாகவே பிடிக்காமல் போகலாம். விளம்பரத்தில் வருகிற ஆட்களை அந்த மாதங்களில்தான் படம் பிடிக்கிறார்கள். மூன்றாம் வருடத்தில் யாரும் கமராவைக் கொண்டு போவதில்லை.

பசி இரைப்பையில் பாதி, மூளையில் பாதி. தீன் ஆசை என்பது அநேகமாக மூளைக்குரியது: களைப்பு, தனிமை, கோபம், பழகிய நேரம், பழகிய மணம். கத்தி அங்கே போகாது.

அந்தப் பெண்ணின் நாளைப் பாருங்கள். காலையில் பால் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும். மத்தியானம் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் மிச்சம். இரவு பத்து மணிக்கு வீடு அடங்கியபின் குசினியில் நின்றபடி கொத்து, ரோல்ஸ், கையில் அகப்பட்டது எல்லாம். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாத மாதிரி. இது கட்டுப்பாடு இழந்து உண்ணும் கோளாறின் அடையாளம். ஒப்பரேசனுக்கு முன்னர் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்க வேண்டிய விடயம். மண்டபத்திலும் பிறகு ஒப்பரேசன் நடந்த கொழும்பிலும் அவரிடம் நிறை கேட்டார்கள், காசு எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒப்பரேசனுக்குப் பின் கொத்து இறங்கவில்லை. ரொட்டித் துண்டு நெஞ்சில் நின்றது, வாந்தி வந்தது. ஆனால் ஐஸ்கிறீம் இறங்கியது. குழாயான இரைப்பையில் கட்டிச் சாப்பாடுதான் தங்கி நிற்கும். உருகுவது வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு லீற்றர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கரண்டி கரண்டியாக எடுத்தால் ஒரு தடையும் இல்லை; ஏறத்தாழ 1000 கிலோகலோரி உள்ளே போயிருக்கும். பலூடா, மில்க் ஷேக், சொக்லேட், சோடா, தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் எல்லாம் இதே வழிதான். நிறை திரும்பி ஏறியவர்களின் சாப்பாட்டைக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் வரும். சிலருக்கு ஆசை சாப்பாட்டை விட்டுக் குடிக்குத் தாவுகிறது. ஒப்பரேசனுக்குப் பின் சாராயம் வேகமாக இரத்தத்தில் ஏறும், இரண்டாம் வருடத்திலிருந்து அந்த ஆபத்துக் கூடும். வீட்டு ஆண்கள் ஒப்பரேசனுக்குப் போவதானால் இதை மறைக்காமல் கதைத்துக்கொள்ளுங்கள்.

“அப்ப ஸ்லீவ் வேணாம், பைபாஸ் செய்யுங்க. இனிப்புத் திண்டா தலை சுத்தும், அந்தப் பயத்திலயே விட்டிருவீங்க” என்பது இரண்டாவது வலை. பைபாஸில் இரைப்பையை 30 மில்லிலீற்றர் அளவுப் பையாகப் பிரித்துக் குடலோடு நேரே பொருத்துவார்கள். சீனி கூடிய சாப்பாடு அப்படியே குடலில் விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வருவது உண்மை. ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களிலும் பலருக்குக் காலப்போக்கில் குறைகிறது. அதைவிட, ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து இன்சுலின் கூடிச் சீனி சட்டென்று இறங்கும் இன்னொரு வகை இருக்கிறது. அப்போது உடம்பு எதைக் கேட்கும்? இனிப்பைத்தான். ஆசைக்கு மருந்து என்று விற்ற ஒப்பரேசனே ஆசையை உண்டாக்குகிறது.

மூன்றாவது, ‘கத்தி இல்லாத ஒப்பரேசன்’ என்ற பெயரில் பலூன். 500 முதல் 700 மில்லிலீற்றர் வரை உப்புநீர் நிரப்பிய பையை இரைப்பைக்குள் விடுவார்கள். வழக்கமான வகையை ஆறு மாதத்தில் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு இரைப்பை பழையபடிதான். உள்ளே நீலச் சாயம் சேர்ப்பார்கள். சலம் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் உடைந்துவிட்டது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பலூன் போட்டவர்களுக்கே இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

காசு கட்டுவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சிஆர் கொப்பி எடுத்து 14 நாளைக்கு எழுதுங்கள்: நேரம், சாப்பிட்டது, பசி பத்துக்கு எத்தனை, அதற்கு முன் அரை மணித்தியாலத்தில் என்ன நடந்தது. ஆசை வரும்போது உங்களிடமே கேளுங்கள்: இப்ப புட்டும் மீன்கறியும் தந்தால் சாப்பிடுவேனா? ஓமென்றால் அது பசி. “இல்ல, ரோல்ஸ்தான் வேணும்” என்றால் அது ஆசை. பசிதான் கூட என்றால் முதலில் நேரத்தைத் திருத்துங்கள். காலையில் ஒரு முட்டையும் கடலையும், பின்னேரம் மூன்றரைக்குச் சீனியோ பாணியோ போடாத எருமைத் தயிர் ஒரு கோப்பை. பகலில் பட்டினி கிடப்பவருக்கு இரவில் ஆசை வருவது குணக்கேடு அல்ல, உடம்பின் கணக்கு.

மருந்துப் பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கிளிக்கிளசைட் போன்ற சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிந்தினால் சீனி இறங்கும். கை நடுங்கி இனிப்புக் கேட்கும். அதை ‘ஆசை’ என்று நினைத்து ஒப்பரேசனுக்குப் போகக்கூடாது. ஸ்டெரொயிட், ஒலன்ஸபின், வல்புரோவேற், இன்சுலின் ஆகியவையும் பசியையோ நிறையையோ கூட்டக்கூடியவை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்த டொக்டரிடம் காட்டுங்கள். தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் அப்போதே செய்துகொள்ளலாம். அரச வைத்தியசாலைகளிலும் எம்ஓஎச் பிரிவுகளிலும் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். கொப்பியில் ‘நிறுத்த முடியவில்லை, ஒளித்துச் சாப்பிட்டேன்’ என்று வாரத்தில் ஒரு நாளாவது வந்தால் மனநல கிளினிக்கில் கதையுங்கள். வெட்கமென்றால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு அழைத்துத் தொடங்கலாம்.

இதெல்லாம் முடிந்தும் ஒப்பரேசன் தேவை என்று வந்தால், முகவரோடு அல்ல, சத்திரசிகிச்சை நிபுணரோடு நேரே கதையுங்கள். கொழும்புப் பக்கத்துப் பெரிய அரச வைத்தியசாலைகள் சிலவற்றிலும் இது செய்யப்படுகிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக் ஒன்றிலிருந்து கடிதம் வாங்கிப் போகலாம். தனியாரிடம் போவதானால் நிபுணரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பெயரைச் சொல்ல மறுக்கும் முகவரிடம் அதற்கு மேல் கதைக்க ஒன்றுமில்லை. உணவு ஆலோசகரும் மனநல மருத்துவரும் பார்க்காமல் திகதி தந்தால் அதுவும் அப்படித்தான். சம்மதப் பத்திரம் தமிழில் வேண்டும். அந்தப் பெண் கையெழுத்து வைத்தது ஆங்கிலத்தில் இருந்த நாலு பக்கம். வைக்கச் சொன்னது தியேட்டருக்குக் கூட்டிப்போகத் தள்ளுவண்டி வந்து நின்ற பிறகு.

நம் பக்கத்தவர்கள் யாரும் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: இரவு பதினொரு மணிக்கு ஒன்று நடந்தால் நான் யாரைக் கூப்பிடுவது? ஸ்டேப்பிள் கோட்டில் கசிவு வருவது அரிது. ஆனால் வந்தால் அநேகமாக வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும். நாடித்துடிப்பு 120க்கு மேல் நின்று இறங்காமல் இருப்பது முதல் அடையாளம்; காய்ச்சலும் இடது தோள் வலியும் மூச்சிரைப்பும் பிறகு வரலாம். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி, மூன்றாம் நாளே ஊர் வந்து சேர்வது சரியான முட்டாள்தனம். அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு கிழமையாவது செய்த இடத்துக்குக் கிட்டத் தங்க வழி பாருங்கள். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்ற விலைக்குள் அந்தத் தங்கலும், ஒரு வருடக் கிளினிக்கும், கசிவு வந்தால் ஐசியூச் செலவும் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பரேசனுக்குப் பின் விற்றமின் குளிசை ஒரு மாதத்துக்கு அல்ல, ஆயுளுக்கு. கல்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம், விற்றமின் டி பொதுவாக 3000 ஐயூ. பி12 குளிசையாகத் தினமும், அல்லது மாதம் ஒரு தடவை 1000 மைக்குறோகிராம் ஊசியாக. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். இரும்பை விழுங்கித் தேத்தண்ணி குடித்தால் பாதி வீண். புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது: மீன், முட்டை, பருப்பு முதலில், சோறு கடைசியில். இதற்கெல்லாம் மாதாமாதம் பார்மசியில் எவ்வளவு போகும் என்று விசாரித்து, ஒப்பரேசன் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காப்பை அடகு வைத்தவருக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை. பிள்ளை பெற நினைப்பவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

ஏற்கெனவே காசு கட்டி ஏமாந்திருந்தால்: ஒப்பரேசன் குறிப்பு, டயக்னோசிஸ் காட், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் பிரதியைப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். வைத்தியசாலை மீதான முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு அனுப்பலாம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது அது. டொக்டர் மீதென்றால் மருத்துவ சபை. முகவர், விளம்பரம் பற்றியென்றால் நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.

ஒப்பரேசன் செய்தவர் வீட்டில் இருந்தால் இன்னொன்று. நாட்கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் தயமின், அதாவது பி1, சீக்கிரம் தீர்ந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கதை தடுமாறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். பிந்தினால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். ‘சத்தி எடுத்துக் களைச்சுப் போனா, ஒரு சேலைன் ஏத்துங்க’ என்று கிட்டடிக் கிளினிக்குக்குக் கொண்டு போகிறோம், அங்கே குளுக்கோஸ் போத்தலைத் தொங்கவிட்டால் இருக்கிற கொஞ்சத் தயமினும் எரிந்துவிடும். அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாசலிலேயே சொல்லுங்கள்: இரைப்பை வெட்டியவர், இத்தனை நாள் வாந்தி, தயமின் ஊசி போட்ட பிறகு குளுக்கோஸ் ஏற்றுங்கள். நோயாளியால் சொல்ல முடியாமல் போகலாம். ஒரு கடதாசியில் எழுதி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.