ரோஸ் கோல்டு கடிகாரமும் அதில் இல்லாத ஜிபிஎஸ்ஸும்

பெட்டியின் மேல் "பெண்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது" என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்த ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை மூன்று மாதங்களுக்கு முன் 5,499 ரூபாய்க்கு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதே நிறுவனத்தின் கறுப்பு நிறக் கடிகாரம் 46 மில்லிமீட்டர் டயலுடன் 4,999 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். என் மணிக்கட்டு ஒல்லியானது என்பதால், இதற்கு முன் கட்டிய கடிகாரங்கள் எலும்பின் மேல் ஏறி உட்கார்ந்து இரவில் உறுத்தும். 40 மில்லிமீட்டர் டயல் கொண்ட இது கட்டியிருப்பதே தெரியாமல் படிந்திருக்கிறது. செம்பு கலந்தாற்போன்ற அந்த ரோஸ் கோல்டு விளிம்பு பக்கத்து வளையலோடு பொருந்திப் போகிறது. ஆனால் வெளிர் இளஞ்சிவப்புச் சிலிக்கான் பட்டை முதல் வாரத்திலேயே மஞ்சள் கறையை வாங்கிக்கொண்டது. எலுமிச்சைக்கும் சோப்புக்கும் அது அசையவில்லை. சமையல் குறிப்புகளை ஆப்பில் சேர்க்கத் தெரிந்தவர்களுக்குச் சமையலறையில் மஞ்சள் தூள் இருக்கும் என்பது தோன்றாமற்போனது வேடிக்கைதான்.

ஆப்பில் "பெண்" என்று தேர்ந்தெடுத்தவுடன் பூப்போட்ட முகப்பு, கலோரிக் கணக்கு, எடைக் குறைப்பு இலக்கு ஆகியவை தாமாகவே வந்து நிற்கின்றன. ஓட்டப் பயிற்சியைக் கண்டுபிடிக்க மூன்று திரைகளைத் தள்ள வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நாட்காட்டி மட்டும் மெய்யாகவே உதவுகிறது.

பெரிய குறை ஓடும்போதுதான் தெரிந்தது. கறுப்புக் கடிகாரத்தில் இருக்கும் ஜிபிஎஸ் இதில் இல்லை. கைபேசி கூடவே இருந்தால் அதன் ஜிபிஎஸ்ஸைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். இல்லாவிட்டால் காலடிகளை எண்ணி உத்தேசமாக ஒன்றைச் சொல்லும். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை இரண்டு முறை சுற்றி முடித்த அன்று, இது 4.1 கிலோமீட்டர் என்று காட்டியது. கைபேசியை எடுத்துச் செல்லலாம்தான், எங்கே வைப்பது? ஆண்களின் அரைக்கால் சட்டையில் இரண்டு பை இருக்கிறது, என் சுடிதாரில் ஒன்றுகூட இல்லை. பை வைத்த உடை உள்ளவருக்குக் கைபேசி தேவைப்படாத கடிகாரத்தையும், பையே இல்லாதவருக்குக் கைபேசியின்றி இயங்காத கடிகாரத்தையும் செய்திருக்கிறார்கள். சிறிய டயலுக்குள் சிறிய பேட்டரிதான் அடங்கும் என்பதால், நான்கு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடுவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் கூட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தப் பழக்கம் புதிதன்று. நியூயார்க் மாநகர நுகர்வோர் விவகாரத் துறை 2015இல் ஏறத்தாழ 800 பொருட்களை ஒப்பிட்டபோது, பெண்களுக்கானவை சராசரியாக 7 விழுக்காடு கூடுதல் விலையில் இருந்தன. 2009இல் டெல் நிறுவனம் "டெல்லா" என்று பெண்களுக்கான இணையப் பக்கத்தைத் திறந்து, மடிக்கணினியில் கலோரி பார்க்கலாம், சமையல் குறிப்பு தேடலாம் என்று ஆலோசனை சொல்லி, கண்டனம் எழுந்ததும் சில வாரங்களில் அதை மாற்றிக்கொண்டது. 2011இல் வந்த எச்டிசி ரைம் என்ற கத்தரிப்பூ நிறக் கைபேசியை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை: கைப்பையின் அடியில் கிடக்கும் கைபேசிக்கு அழைப்பு வந்தால், பைக்கு வெளியே தொங்கும் சிறு விளக்கு மின்னும்படி அதற்கு ஒரு துணைக்கருவி கொடுத்தார்கள். கேலிக்கு ஆளானாலும், கைப்பைக்குள் துழாவிய அனுபவம் உள்ள யாரோ யோசித்த பொருள் அது. நிறத்தின் மீதும் எனக்குக் கோபமில்லை. அதே 2015இல் ஐபோன் 6எஸ் ரோஸ் கோல்டில் வந்தபோது உள்ளே இருந்த சிப்பும் கேமராவும் மற்ற நிறங்களில் இருந்தவையேதான். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் வேறு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஓடும் வழக்கம் இல்லாமல், சிறிய டயலும் நாட்காட்டியும் போதும் என்பவர்கள் தள்ளுபடிக் காலத்தில் இதை வாங்கலாம். நான் இதை அத்தைக்குக் கொடுத்துவிட்டுக் கறுப்புக் கடிகாரத்தையே வாங்கி, காந்திபுரத்தில் 250 ரூபாய்க்கு அடர் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறேன். தூரம் சரியாகக் காட்டுகிறது. எலும்பில்தான் மறுபடியும் உறுத்துகிறது.