8 ஜிபி ரேம் சரி, எத்தனை சேனல்?

நான் வைத்திருக்கும் லேப்டாப் மாடல் விலை குறைந்துவிட்டது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ், எல்லாம் பார்த்துவிட்டேன், நன்றாகத்தானே இருக்கிறது என்றும் சொன்னார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இந்த லேப்டாப்போடு வருடக்கணக்கில் வேலை பார்த்த பிறகு எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம் அவர் படித்த வரிகளில் ஒன்றில்கூட இல்லை. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், மற்றதெல்லாம் எல்லா ரிவ்யூவிலும் கிடைக்கும்.

இதில் இருப்பது இன்டெல் ஐ5-1135ஜி7. 2020-ல் வந்த சிப், நான்கு கோர், எட்டு த்ரெட். இது வந்தபோது எல்லோரும் பேசியது இதன் உள்ளேயே இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸைப் பற்றித்தான், ஏனென்றால் அதற்கு முன்னால் பெரும்பாலான லேப்டாப்களில் வந்த இன்டெல் கிராபிக்ஸை விட அது எவ்வளவோ மேல். விளம்பரத்திலும் அட்டைப்பெட்டியிலும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வாங்கி வந்து, விண்டோஸில் உள்ளே இருக்கும் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் டிஸ்ப்ளே அடாப்டருக்குக் கீழே வெறும் 'யுஎச்டி கிராபிக்ஸ்' என்று, இன்டெல்லின் பழைய சாதாரண கிராபிக்ஸின் பெயர்தான் இருந்தது. டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன், பயாஸ் அப்டேட் செய்தேன், பெயர் மாறவே இல்லை.

காரணம் ரேமில் இருக்கிறது. ரேமுக்கும் சிப்புக்கும் நடுவே டேட்டா போய்வரும் பாதையைத்தான் சேனல் என்கிறார்கள், இரண்டு பாதை இருந்தால் டூயல் சேனல். இந்தச் சிப்பில் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர் வர வேண்டுமென்றால் ரேம் 128 பிட் அகலத்தில், அதாவது டூயல் சேனலில் இருக்க வேண்டும் என்பது இன்டெல்லே வைத்திருக்கும் நிபந்தனை. ஒரு சேனல்தான் இருக்கிறது என்றால் அதே சிப், அதே கிராபிக்ஸ், ஆனால் பெயர் யுஎச்டி. என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேமையும் கழற்ற முடியாதபடி மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒரே சேனலில் வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருந்தார்கள். பெட்டியில் எழுதியிருந்த பெயர் பெட்டிக்குள் வரவில்லை.

பெயர் மட்டும்தானே, போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். இல்லை, வேகமும் போகிறது. தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக மெமரி உண்டு, சிப்புக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்கு அது கிடையாது, ப்ராசசர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பயன்படுத்த வேண்டும். டிடிஆர்4-3200 ரேமில் ஒரு சேனல் என்பது 64 பிட், நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி. இரண்டு சேனல் என்றால் 51.2 ஜிபி. ஒரே வாளியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கிணற்றில் இறைக்கிற மாதிரிதான் ஆகிவிடுகிறது. வெறும் பிரவுசரும் வேர்டும் மட்டும் திறந்து வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வெளியே ஒரு 4கே மானிட்டரை மாட்டி வேலை செய்கிறேன். 4கே திரையை நொடிக்கு 60 தடவை வரைய, படத்தை அதற்கு அனுப்ப மட்டுமே சுமார் 2 ஜிபி போகிறது, அதற்குமேல் ஒவ்வொரு விண்டோவையும் சேர்த்து வரைவது, வீடியோவை டீகோட் செய்வது என்று எல்லாம் அந்த ஒற்றைச் சேனலில்தான் நடக்க வேண்டும்.

விளைவு என்னவென்றால் விண்டோவை இழுத்தால் ஒரு சின்னத் தடுமாற்றம், நீளமான பிடிஎஃப் பக்கத்தை உருட்டினால் ஒரு தடுமாற்றம், வீடியோ எடிட்டரில் டைம்லைனைத் தள்ளினால் படம் ஒரு கணம் நின்று பிறகு வரும். டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ப்ராசசர் பாதிகூட வேலை செய்யவில்லை, ரேமிலும் இடம் இருக்கிறது. எதையும் கைகாட்டிக் குறை சொல்ல முடியாத மாதிரி ஒரு தொந்தரவு, அதனாலேயே எரிச்சல் அதிகம். கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, 8 ஜிபி என்று சொன்னோம், 8 ஜிபி இருக்கிறது, பழுது எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஸ்பெக் ஷீட்டை மீண்டும் எடுத்துப் படித்தேன். ரேம் எவ்வளவு என்று இருக்கிறது, டிடிஆர்4 என்று இருக்கிறது, 3200 என்றும் இருக்கிறது, எத்தனை சேனல் என்பது மட்டும் இல்லை. கோவம் வந்தது, இன்னும் போகவில்லை.

அப்புறம் ஒரு நாள் 8 ஜிபி டிடிஆர்4-3200 எஸ்ஓ-டிம் (லேப்டாப்பில் போடும் ரேம் ஸ்டிக்) ஒன்றை வாங்கி, சர்வீஸ் கடையில் பின்மூடியைக் கழற்றி அந்தக் காலி ஸ்லாட்டில் போட்டோம். ஆன் செய்ததும் முதலில் டிவைஸ் மேனேஜரைத்தான் திறந்தேன். ஐரிஸ் எக்ஸ்இ! புது டிரைவர் எதுவும் போடவில்லை, எந்த செட்டிங்கையும் தொடவில்லை, பெயர் தானாகவே மாறியிருந்தது. அன்றிலிருந்து இது வேறு மெஷின். விண்டோக்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன, டைம்லைன் கையோடு வருகிறது, 4கே மானிட்டரில் பக்கத்தை உருட்டும்போது கண் உறுத்தவில்லை. ரேமின் அளவும் இரட்டிப்பானது உண்மைதான், ஆனால் முன்பும் ரேம் நிரம்பி வழியவில்லை, மாறியது பாதையின் அகலம். இந்த அளவுக்கு ஒரு சின்ன ஸ்டிக் மாற்றும் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். (8-க்குப் பதிலாக 16 ஜிபி போட்டாலும் வேலை செய்யும், ஆனால் சமமாக இருக்கிற 8+8 பகுதி மட்டும் டூயல் சேனலில் ஓடும், மிச்சம் 8 ஜிபி ஒற்றைச் சேனலில்தான்.)

இதைப் படித்துவிட்டு சால்டர் செய்த ரேம் என்றாலே மோசம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஸ்லாட்டே இல்லாமல், மின்சாரம் குறைவாக எடுக்கும் எல்பிடிடிஆர் வகை ரேமை முழுவதும் போர்டில் வைத்து வரும் மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் 128 பிட் முழுதாகவே இருக்கும், பிற்பாடு கூட்ட முடியாது என்பதுதான் அங்கே குறை. ஒரு ஸ்லாட்டும் ஒற்றை ஸ்டிக்குமாக வருவதிலும், என்னுடையதைப் போல பாதி போர்டிலும் பாதி காலியுமாக வருவதிலும்தான் இந்தச் சிக்கல். இது பழைய சிப்போடு முடிந்த கதையும் இல்லை. 2023 டிசம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா எச் சிப்களில் 'ஆர்க்' என்ற கிராபிக்ஸ் பெயர் வரவும் டூயல் சேனலில் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. டிடிஆர்5 ஸ்டிக் ஒன்றுக்குள் 32 பிட்டாக இரண்டு சேனல் இருப்பதால், ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டுவிட்டு இதுவும் இரண்டு சேனல்தான் என்று கடையில் சொல்ல இடமிருக்கிறது. கூட்டினால் அதே 64 பிட்தான்.

இந்தக் கம்பெனி நன்றாகச் செய்திருக்கும் விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 1135ஜி7-ஐ 12 வாட்டிலிருந்து 28 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள லேப்டாப் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. 12 வாட்டில் அதன் அடிப்படை வேகம் 0.9 கிகாஹெர்ட்ஸ், 28 வாட்டில் 2.4. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே பெயர், ஒரே 4.2 கிகாஹெர்ட்ஸ் டர்போ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், நீண்ட வேலை கொடுத்தால் ஒன்று மூச்சு வாங்கும், இன்னொன்று ஓடிக்கொண்டே இருக்கும். என்னுடையது எவ்வளவு நேரம் வீடியோ எக்ஸ்போர்ட் செய்தாலும் 28 வாட்டிலேயே நிற்கிறது, ஃபேன் சத்தமும் காதைக் குடைவதில்லை. இதைத் துல்லியமாக இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் இதையும் ஸ்பெக் ஷீட்டில் போடவில்லை! நல்லதையும் போடவில்லை, கெட்டதையும் போடவில்லை, பிறகு அந்தத் தாள் எதற்கு?

மற்றவை சுருக்கமாக. கீபோர்டு அருமை, இவ்வளவு டைப் செய்தும் ஒரு கீகூடத் தளரவில்லை. திரை சுமார், 45 சதவீத என்டிஎஸ்சி வகை, அதாவது குறைந்த நிறங்களையே காட்டுவது, சிவப்பு எல்லாம் செங்கல் நிறத்தில் தெரியும், போட்டோ வேலை செய்பவர்கள் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (நிறங்களுக்கான பொதுவான அளவுகோல்) என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்று காட்டுவது கணக்கிடும் முறையால் வரும் வித்தியாசம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. யுஎஸ்பி 3.2 ஜென் 1 என்று எழுதியிருப்பது பழைய யுஎஸ்பி 3.0-தான், அதே 5 ஜிபிபிஎஸ். டைப்-சி போர்ட்டில் மானிட்டர் வருகிறது, சார்ஜ் ஏறாது.

வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு இது என்னிடம் இருக்கிறவற்றிலேயே எனக்குப் பிடித்த மெஷின், நாளைக்கே யாராவது நல்ல விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் ஸ்டிக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்த பிறகுதான் பெட்டியில் எழுதியிருந்தது எனக்குக் கிடைத்தது, அதை விலைக்குறைப்பு சரிக்கட்டிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோவத்தில் சொல்கிறேன் என்று நண்பர் சொன்னார். ஆமாம், கோவம்தான்.

அப்படியும் இந்த மாடலோ இதே மாதிரி வேறொன்றோ வாங்கப் போகிறவர்கள் கடையில் டெமோ பீஸை ஆன் செய்து டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் பெயரைப் பாருங்கள், பெட்டியில் இருக்கும் பெயரே வருகிறதா என்று. ஏஎம்டி சிப் என்றால் பெயர் இப்படி மாறாது, அங்கே சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தில் சேனல் விவரம் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் ஸ்லாட் எத்தனை என்பதும் தெரியும், ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டில் சால்டர் செய்தது. இதையெல்லாம் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. டெமோ பீஸைத் தொடவே விடமாட்டோம் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.