கருப்பை ஆய்வில் உருண்டையா, சில்லா, கூட்டு வளர்ப்பா?

சுண்டெலிக்கு மாதவிடாய் வருவதில்லை. கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினரை வாட்டும் எண்டோமெட்ரியோசிஸும் (கருப்பை உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) அதற்குத் தானாக வருவதில்லை. அப்படியிருந்தும் கருப்பை ஆய்வுக்கு நெடுங்காலம் அந்த விலங்கையே நம்பியிருந்தது பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன். இன்று மனிதத் திசுவை ஆய்வகத்தில் வளர்க்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது ஆர்கனாய்டு, அதாவது உறுப்பின் திசுவைப் போல நடந்துகொள்ளும் நுண்ணிய செல் உருண்டை. கேம்பிரிட்ஜிலும் லூவனிலும் இருந்த குழுக்கள் 2017இல் கருப்பை உட்படலத்திலிருந்து இவற்றை வளர்த்துக் காட்டின. ஒரு துளி ஜெல்லுக்குள், உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்ணிய உருண்டைகள் தெரியும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் கொடுத்தால் உண்மையான சுரப்பியைப் போலவே அந்த வெற்றிடத்துக்குள் சுரக்கும். மாதவிடாய்க் குருதியிலிருந்தே வளர்க்க முடிவதால் ஊசியோ கத்தியோ வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் கரு வந்து ஒட்ட வேண்டிய பரப்பு உள்நோக்கி மூடிக்கிடக்கிறது. வழக்கமாகப் பயன்படும் மேட்ரிஜெல் என்ற ஜெல்லோ எலிக் கட்டியிலிருந்து எடுக்கப்படுவதால், ஒவ்வொரு தயாரிப்பிலும் அதன் சேர்மானம் மாறுகிறது.

இரண்டாவது சில்லு, அதாவது திசுக்களை நுண்ணிய அறைகளில் வைத்துத் திரவம் ஓடவிடும் சிறு கருவி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட 'எவாடார்', எலியின் சூலகத்தையும் மனிதக் கருப்பைக் குழாய், கருப்பை, கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றின் திசுக்களையும் ஓடும் திரவத்தால் இணைத்து, 28 நாள் ஹார்மோன் சுழற்சியை நடத்திக் காட்டியது. உறுப்புகள் ஒன்றோடொன்று பேசுவதை அறிய இதைவிடச் சிறந்தது இல்லை. எனினும், பல சில்லுகள் செய்யப்படும் சிலிக்கோன் ரப்பர் ஸ்டீராய்டு ஹார்மோன்களை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், எவ்வளவு ஊற்றினோம் என்பதும் திசுவுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதான கூட்டு வளர்ப்பை. எம்.ஐ.டி.யில் லிண்டா கிரிஃபித்தின் குழு, சேர்மானம் முழுவதும் தெரிந்த செயற்கை ஜெல்லில் சுரப்பி உருண்டைகளையும் அவற்றைச் சூழ்ந்து தாங்கும் திசுவின் செல்களான ஸ்ட்ரோமா செல்களையும் சேர்த்து வளர்க்கிறது. புரோஜெஸ்ட்ரோன் ஏறும்போது உருமாறிக் கருவை ஏற்கத் தயாராவதும், அது வீழ்ந்ததும் உட்படலம் சிதைய வழிவகுப்பதும் அந்த ஸ்ட்ரோமா செல்களே. எண்டோமெட்ரியோசிஸில் புரோஜெஸ்ட்ரோன் சிகிச்சை சிலரிடம் பலிக்காமல் போகும் காரணத்தைத் தேடுவோர் அவற்றை விட்டுவிட்டுத் தேட இயலாது. ஆயினும் இரத்தக் குழாய்களும் நோய் எதிர்ப்புச் செல்களும் இந்த ஜெல்லில் சேரும் வரை, அழற்சியையும் இரத்தப்போக்கையும் பற்றிய கேள்விகளுக்கு இதிலும் முழு விடை கிடைக்காது.